சுமை வண்டியும் தங்குமிடமும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறண்ட நாட்டில் பயண தூரத்தின் வரலாறு

பேட்டரியில் ஓடும் சிறு சரக்கு வண்டிகளைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும், ஒருமுறை மின்னேற்றினால் வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதே முதல் கேள்வியாக அமைகிறது. வழியில் மின்னூட்டம் தீர்ந்துபோனால் சுமையோடு நடுச்சாலையில் நிற்க நேருமே என்ற அச்சம், நகருக்குள் ஓடும் வண்டிக்காரரைவிட ஊர்விட்டு ஊர் சரக்கேற்றிப் போகும் வண்டிக்காரரையே பெரிதும் வாட்டுகிறது. இந்த அச்சம் மின்வண்டியோடு பிறந்தது என்று எண்ணுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வானம் பார்த்த பூமியில், வண்டியின் தூரத்தை வண்டி மட்டுமே தீர்மானித்த காலம் என்று டீசல் லாரி ஆண்ட சில பத்தாண்டுகளைத் தவிர வேறொன்றைக் காட்ட இயலாது. அதற்கு முன்னும், இப்போது மீண்டும், தூரத்தைத் தீர்மானிப்பது வழியில் உள்ள தங்குமிடமே. தங்குமிடம் எங்கே அமைந்தது, அதை யார் செலவில் யார் கட்டிக் காத்தார்கள் என்பதே இப்பகுதியின் போக்குவரத்து வரலாற்றில் முதன்மையாக ஆராயத்தக்கது.

இந்நிலத்தின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மேற்கு மலையடிவாரத்தில் தொடங்கித் திருமங்கலம், காரியாபட்டி வழியாகத் திருச்சுழியைத் தொட்டுக் கமுதி நோக்கிச் செல்லும் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. வடகிழக்குப் பருவமழை பெய்யும் சில வாரங்களில் கண்மாய்களில் (பாசனத்துக்காக மழைநீரைத் தேக்கும் ஏரிகளில்) சேரும் நீரும், ஊருணிகளில் (குடிநீருக்கென ஊர்ப்பொதுவில் வெட்டிக் காக்கப்படும் குளங்களில்) நிற்கும் நீருமே மனிதருக்கும் மாட்டுக்கும் உரியவை. மண்ணின் பெரும்பகுதி கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் சேறாகிச் சக்கரத்தைக் குடம்வரை விழுங்குவது. ஆகவே இப்பகுதியில் வண்டிப் பயணத்துக்கு இரண்டு தடைகள் மாறி மாறி வந்தன. மழைக்காலத்தில் நீர் இருந்தது, பாதை இல்லை. கோடையில் பாதை இருந்தது, நீர் இல்லை. இத்தகைய நிலத்தின் ஊடாகத்தான் மதுரையையும் தூத்துக்குடிக் கடற்கரையையும் இணைக்கும் வடக்குத் தெற்கு வழியும், மேற்கிலிருந்து சேது நோக்கிச் செல்லும் யாத்திரை வழியும் சென்றன.

நெடுவழியில் சுமை வண்டி நின்றுவிடுமோ என்ற கவலைக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று புறநானூற்றின் 102ஆம் பாடலில் உள்ளது. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் பாடிய அப்பாடல், உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுவதை உவமையாக எடுத்தாள்கிறது. மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், இடையில் உதவி கிடைக்காத இடத்துக்கான ஏற்பாட்டை வண்டியே தன்னோடு சுமந்து செல்கிறது. வழியில் ஏதும் கிடைக்காதெனில் எல்லாவற்றையும் வண்டியே சுமக்க வேண்டும், அப்படிச் சுமக்கும் ஒவ்வொரு பொருளும் சரக்கின் இடத்தையும் எடையையும் தின்னும் என்ற கணக்கு அன்றே வணிகருக்குத் தெரிந்திருந்தது. பெரிய பேட்டரி பொருத்தினால் தூரம் கூடும், ஏற்றும் சரக்கு குறையும் என்று இன்றைய வண்டி வடிவமைப்பாளர் போடும் கணக்கும் இதுவே.

இன்னொரு பழைய ஏற்பாடு, எஞ்சிய தூரத்தைப் பயணிக்கு அறிவிக்கும் கல். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்று, நாவல்தாவளம் என்னும் இடத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் பொறித்திருப்பதோடு, எழுத்தறியாதோரும் அறியுமாறு அதே எண்ணைப் பெரியதும் சிறியதுமான குழிகளாலும் காட்டுகிறது. காதம் என்பது இடத்துக்கு இடம் வேறுபட்ட அளவு. பொதுவாகப் பத்து மைலை ஒட்டியது என்று கொள்ளப்பட்டாலும், நடைமுறையில் அது நிலத்தை அளந்ததைவிட நடையையே அளந்தது. சுமையோடு செல்பவருக்கு அடுத்த தங்குமிடம் இன்னும் எவ்வளவு நடை என்பதுதான் தேவைப்பட்டது.

சாலைகள் சீரடையாத காலத்தில் இப்பகுதியின் சரக்கு பெரும்பாலும் பொதிமாடுகளின் முதுகில் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டிப் பாதைகள் திருந்தத் திருந்த இரட்டைமாட்டு வண்டி பெருகியது. பொதிமாடு சுமப்பதைப்போலப் பல மடங்கு சுமையை ஒரு சோடி மாடு வண்டியில் இழுக்கும். ஆனால் அதன் வேகம் மணிக்கு மூன்று கிலோமீட்டரைச் சுற்றியே இருந்தது; பாரத்தோடு ஒரு நாளில் 20 முதல் 25 கிலோமீட்டர் போனால் அது நல்ல நடை. அந்தக் கணக்கில் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குள்ள ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இரண்டு அல்லது மூன்று நாள் வழி. அங்கிருந்து தூத்துக்குடி மேலும் நான்கு நாள் வழி. கோடை வெயிலில் மாடு இழுக்காது என்பதால் வண்டிகள் சாயங்காலம் பூட்டி இரவெல்லாம் ஓட்டி, விடிந்து வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிடப்பட்டன. தனி வண்டியாகப் போவது ஆபத்து என்பதால் பத்து, இருபது, ஐம்பது வண்டிகள் சேர்ந்தே புறப்பட்டன.

மாட்டின் ஓட்டத்துக்கு வேண்டியவை எவை என்று பார்த்தால் தங்குமிடத்தின் தேவை விளங்கும். கடும் உழைப்புள்ள மாடு கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் நீர் குடிக்கும். ஐம்பது வண்டி கொண்ட ஒரு கூட்டத்தில் நூறு மாடுகள். அவை ஒருமுறை தங்கிச் செல்ல 4,000 லிட்டர் நீர் வேண்டும். வறண்ட நாட்டில் வழியோரத்து ஊர் தன் ஊருணியிலிருந்து அவ்வளவு நீரை அயலாரின் மாட்டுக்கு விட்டுக்கொடுக்க எளிதில் இணங்காது. நீரை அடுத்துத் தீவனம்: சோளத்தட்டை, கூளம், பருத்திக்கொட்டை, புண்ணாக்கு. தட்டையும் கூளமும் வண்டியிலேயே கொஞ்சம் கட்டிக்கொண்டு போகலாம். நீரைக் கட்டிக்கொண்டு போக இயலாது. அடுத்து நேரம்: மாடு வயிறு நிறைந்த உடனே இழுக்காது, படுத்து அசைபோட்டுத் தீவனம் செரிக்க மணிக்கணக்கில் ஓய்வு வேண்டும். இவற்றோடு, தேய்ந்த லாடத்தை மாற்ற லாடம் அடிப்பவர், தளர்ந்த இரும்புப் பட்டையை இறுக்கக் கொல்லர், ஆரக்காலும் அச்சும் முறிந்தால் தச்சர், அச்சுக்குத் தடவக் கருக்கிய வைக்கோலை எண்ணெயில் குழைத்த மசகு ஆகியவையும் வழியில் கிடைத்தாக வேண்டும். இவை எல்லாம் ஒரு நாள் நடைக்குள் கிடைக்கும் இடம் எங்கே உள்ளதோ அங்கேதான் வண்டிப்பாதை உயிரோடிருந்தது.

இந்தத் தேவைக்கு இவ்வட்டாரம் கண்ட விடை பேட்டை. வட்டாரச் சமூக வரலாற்றின் பெரிய சாதனைகளுள் ஒன்றாக இதைக் கருத வேண்டும். கோட்டைகளும் கோயில்களும் பெற்ற கவனத்தை இது பெறாமல் போனது வருந்தத்தக்கது. திருநெல்வேலிச் சீமையின் தெற்குப் பகுதியிலிருந்து கருப்புக்கட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வணிகர்கள், பாளையக்காரர் போர்கள் 1801இல் ஓய்ந்த பின் இராமநாதபுரம் சமீன் பகுதிகளில் பெருமளவில் நிலைகொண்டனர். சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்கள் அவர்களது வணிகத்தின் மையங்களாயின. இவற்றுள் பாலையம்பட்டியும் அருப்புக்கோட்டையும் ஒன்றையொன்று ஒட்டியவை என்பது, இந்த வழித்தடத்தில் அப்பகுதி பெற்றிருந்த முதன்மையைக் காட்டும். நாடார் சமூகத்தைப் பற்றி 1969இல் விரிவான நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஹார்ட்கிரேவ், இவ்வணிகத்தின் வளர்ச்சியில் பேட்டைக்கும் மகமைக்கும் இருந்த பங்கை எடுத்துக்காட்டியுள்ளார்.

பேட்டை என்பது சுற்றுமதிலால் அடைக்கப்பட்ட பெரிய வளாகம். உள்ளே வண்டிகளை நிறுத்த வெளியும், மாடு கட்ட இடமும், கிணறும், சரக்கை இறக்கி வைக்கவும் விற்கவும் வசதியும் இருந்தன. இரவில் வாயிலை அடைத்துவிட்டால் களவுக்கு அஞ்சாமல் வண்டிக்காரர் உறங்கலாம். வழிப்பறி மிகுந்திருந்த அக்காலத்தில், ஒவ்வொரு காவல் எல்லையிலும் காவல்கூலி கொடுத்துச் செல்வதைவிட, ஒருநாள் நடைத் தொலைவில் சொந்தமாக ஒரு மதிலும் கிணறும் வைத்திருப்பது வணிகருக்கு உறுதியான காப்பாக அமைந்தது. நீருக்காக எந்த ஊரின் தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பது அதனினும் பெரிய பயன். சாதி விலக்கால் பல ஊர்களின் பொதுக் கிணறும் ஊருணியும் மறுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு, தனக்கென வெட்டிய கிணறு வசதிக்காக மட்டும் வெட்டியதன்று என்பதையும் இங்கே மறக்கலாகாது.

பேட்டையை நடத்திய செலவு மகமையிலிருந்து வந்தது. மகமை என்பது வணிகர்கள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கை, மூட்டைக்கு இவ்வளவு வண்டிக்கு இவ்வளவு என்று, பொது நிதிக்குச் செலுத்தும் முறை. அந்நிதியை உறவின்முறை என்னும் ஊர்ச் சமூக அவை வாங்கிக் கணக்கு வைத்து, கிணறு தூர்வாரவும் மதிலைச் செப்பனிடவும் காவலுக்கும் செலவிட்டது. அதிகம் சரக்கு நகர்த்தியவர் அதிகம் கொடுத்தார். ஒற்றை வண்டிக்காரரும் அதே கிணற்றில் தன் மாட்டுக்கு நீர் காட்டினார். ஒருவரால் தனித்து வெட்ட முடியாத கிணறுகளை, யாரும் பெரிதாக உணராத சிறு வரி வழியெங்கும் வெட்டிவிட்டது. பின்னர் வண்டிப் பயணத்தின் தேவை குறைந்தபோது இதே நிதி பள்ளிகளுக்குத் திரும்பியது. விருதுபட்டியில் 1889இல் தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு எழுந்தது. சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சுங்கங்கள் 1844இல் ஒழிக்கப்பட்ட பின் வண்டி வணிகம் பெருகியதற்குக் காரணமாக வரிநீக்கத்தையே பலரும் சுட்டுவர். ஆயினும் சுங்கம் போன பாதையில் நீரும் மதிலும் இல்லாதிருந்தால் வண்டி எங்கே நின்றிருக்கும் என்பதையும் அவர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பேட்டைக்கு இணையாக அறச்சிந்தையில் எழுந்த தங்குமிடங்களும் இருந்தன. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளும் (1689–1706) சேதுநாட்டை ஆண்ட சேதுபதிகளும் சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்துப் பெயர்பெற்றவர்கள். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகருக்கு அவற்றில் தங்க இடமும் உணவும் கிடைத்தன. கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைப்பதும், கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நாட்டுவதும் எளிய மக்களின் அறங்கள். தலைச்சுமைக்காரர் எவர் உதவியும் இன்றி இறக்கி வைத்து மீண்டும் ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் நின்ற அக்கல், ஒரு மனிதன் சுமையோடு நடக்கக்கூடிய தூரத்தை நீட்டித்தது. எனினும் சத்திரம் யாத்திரிகரின் வழியையும் கொடையாளியின் விருப்பத்தையும் பின்பற்றியது. மானியம் நின்றபோது அடுப்பும் அணைந்தது. பேட்டை சரக்கின் வழியைப் பின்பற்றியது. சரக்கு நகர்ந்தவரை அது நின்றது.

தூத்துக்குடியை மதுரையோடு இணைத்த தென்னிந்திய இரயில்வேயின் பாதை 1876இல் திறக்கப்பட்டபோது, அது கோவில்பட்டி, சாத்தூர், விருதுபட்டி வழியாகச் சென்றது. அருப்புக்கோட்டை விலகி நின்றது. பழைய நேர்வழியில் இருந்த ஊர், கிளைவழி ஊராகியது. 1923இல் விருதுநகர் எனப் பெயர் மாறிய விருதுபட்டி பருத்திக்கும் மிளகாய்க்கும் மல்லிக்கும் பருப்புக்கும் பெருஞ்சந்தையாக வளர்ந்ததற்கு இரயில் நிலையம் அங்கே அமைந்தது ஒரு தலைமைக் காரணம். வண்டி மாடு இதனால் வேலையிழக்கவில்லை. அதன் பயணம் சுருங்கியது. அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் இரயிலடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர், அதாவது மிகச் சரியாக ஒருநாள் நடை. கிளம்பிய இடத்திலும் சேரும் இடத்திலும் நீர் உண்டு என்பதால் இடைவழிப் பேட்டையின் தேவை மெல்ல மறைந்தது. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை செல்லும் பாதை நாடு விடுதலை பெற்ற பின் 1963–64இல்தான் வந்தது. அதற்குள் லாரி முந்திக்கொண்டது.

மோட்டார் வண்டியின் வரவைப் பொதுவாகத் தூரக் கவலையின் முடிவாக எழுதுவது வழக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலம் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. பெட்ரோல் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, மதுரையை மையமாகக் கொண்ட டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் கரியிலிருந்து எரிவாயு ஆக்கும் கருவியைச் செய்து பேருந்துகளிலும் லாரிகளிலும் பொருத்த வழிசெய்தது. வண்டியோடு இணைந்த ஓர் உலையில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் சிறிது ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதை வடிகட்டிக் குளிர்வித்து எஞ்சினுக்கு அனுப்புவதே முறை. பெட்ரோலோடு ஒப்பிடுகையில் எஞ்சினின் வலு வெகுவாகக் குறைந்தது, மேடேற வண்டி திணறியது, புறப்படுமுன் உலை மூட்டிக் காத்திருக்க வேண்டியிருந்தது, சாம்பலைத் தட்டவும் கரி நிரப்பவும் வழியில் அடிக்கடி நிற்க வேண்டியிருந்தது. ஆக, மோட்டார் வண்டிக்கும் பேட்டை தேவைப்பட்டது. கிணற்றுக்குப் பதிலாகக் கரிமூட்டை அடுக்கிய கொட்டகை. இதே திருச்சுழி, நரிக்குடி, கமுதி வட்டாரம் பிற்காலத்தில் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு, அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடிப் புகையவிட்டு, கரியாக்கி வெளியூருக்கு லாரி லாரியாக அனுப்பும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஆனால் அந்த மரம் இங்கே காடாகப் பரவியதற்குள் கரிவாயு வண்டியின் காலம் முடிந்துவிட்டது.

போருக்குப் பின் டீசல் வந்தது. அதன் ஆற்றலைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ பத்து யூனிட் (கிலோவாட்-மணி) ஆற்றல் அடங்கியுள்ளது. எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கினாலும், சிறு சரக்கு வண்டி முப்பது லிட்டரில் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. நிரப்ப ஐந்து நிமிடம் போதும். பெட்ரோல் பங்க் எங்கே இருக்கிறது என்று வண்டிக்காரர் நினைக்கவே வேண்டாத நிலை அதனால் பிறந்தது. மாடோ இரு பக்கமும் வேலையிழந்தது. சாலையில் லாரி மாட்டை வென்றதைப் பலரும் பதிந்துள்ளனர். இப்பகுதியில் மின்சாரம் மாட்டிடமிருந்து பறித்த முதல் வேலை கிணற்றடியில் இருந்தது என்பதை அவ்வளவாக யாரும் கருதவில்லை. தோல்சால் கட்டிக் கமலையில் நீரிறைத்த அதே மாடுதான் அறுவடை முடிந்ததும் வண்டியில் பூட்டப்பட்டது. மின்மோட்டார் கமலையை நிறுத்தியபோது ஆண்டு முழுவதும் மாட்டைத் தீனிபோட்டு வைத்திருக்கும் கணக்கு கட்டாமல் போனது. வண்டிமாடு குறைந்த ஊர்களில் எஞ்சிய சிறுசுமை வேலையை, 2005இல் வெளிவந்து தமிழ்நாட்டில் குட்டியானை என்று பெயரெடுத்த டாட்டா ஏஸ் போன்ற வண்டிகள் எடுத்துக்கொண்டன.

அந்தக் குட்டியானையின் மின்வடிவம் 2022 மே மாதத்தில் அறிமுகமானது. அதன் பேட்டரியின் கொள்ளளவு 21.3 யூனிட், புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் சோதனைமுறைப்படி அதன் ஓட்டத் தூரம் 154 கிலோமீட்டர், ஏற்றக்கூடிய சுமை 600 கிலோ. ஒரு டன் ஏற்றும் வடிவம் 2024இல் வந்தது. சோதனைச் சாலையில் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்பது டீசலோடு ஒப்பிட வியக்கத்தக்க சிக்கனம். ஆயினும் சான்றிதழின் தூரம் வேறு, சாலையின் தூரம் வேறு. சுமை கூடினால் சக்கரம் உருள்வதற்கான தடை அதே விகிதத்தில் கூடும். வேகம் இருமடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். ஆடிமாதத்து மேல்காற்று எதிர்த்து வீசினால் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே அந்தத் தடை தொடங்கிவிடும். கடும் வெப்பம் பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும். நான்குவழிச் சாலையில் சீராக விரைந்து ஓட்டும் வண்டி நகருக்குள் நின்று நின்று ஓடுவதைவிட அதிகம் செலவழிப்பது மின்வண்டியின் இயல்பு. டீசல் வண்டிக்கு இது நேர்மாறு என்பதால் பழைய அனுபவம் இங்கே வழிகாட்டாது.

அமெரிக்காவின் பெரிய மின் பிக்கப் வண்டிகளும் இதற்கு விலக்கல்ல. 2022இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், பெரிய பேட்டரியோடு 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று அந்நாட்டு அரசின் சான்று பெற்றது. கனத்த இழுவைப் பெட்டியைப் பின்னால் பூட்டிச் சென்றபோது அந்தத் தூரம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்ததைப் பலரின் சோதனைகள் காட்டின. இந்தச் சிக்கலுக்கு அங்கே நூறாண்டுக்கு முன்பே ஒரு தீர்வு நடைமுறையில் இருந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு மின்விளக்கு நிறுவனம் 1924 வரை, பேட்டரி இல்லாமல் விற்கப்பட்ட மின்லாரிகளுக்குத் தன் பேட்டரியை வாடகைக்குக் கொடுத்து, தீர்ந்ததைக் கழற்றி நிரம்பியதை மாட்டிவிட்டது. ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் கட்டணம் செலுத்தினார். அத்திட்டத்தில் லாரிகள் ஓடிய மொத்தத் தூரம் 60 லட்சம் மைலுக்கும் மேல். சென்னை மாகாணத்தின் நெடுஞ்சாலைகளில் 19ஆம் நூற்றாண்டில் விரைவாகச் செல்ல விரும்பிய பயணிகளுக்குச் சில மைலுக்கு ஒருமுறை களைத்த மாட்டை அவிழ்த்துப் புதிய மாட்டைப் பூட்டிய மாற்றுமாட்டு ஏற்பாடும் இதே கொள்கையைக் கொண்டதே. இரண்டிலும் வண்டி ஒருவருடையது, இழுக்கும் ஆற்றல் வழித்தடத்துடையது.

அருப்புக்கோட்டைக்கு இந்த எண்களைப் பொருத்திப் பார்க்கலாம். சான்றளித்த 154 கிலோமீட்டரில் கால்பங்கு நடைமுறையில் குறையும் என்று வைத்துக்கொண்டால் எஞ்சுவது 115 கிலோமீட்டர். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லிகை ஏற்றிப் போய்த் திரும்புவது நூறு கிலோமீட்டரை ஒட்டியது. எடை குறைந்த சரக்கு என்பதால் அது எல்லைக்குள் அடங்கும், ஆனால் வழிமாறிச் செல்ல அதிகம் இடமிராது. விருதுநகர்ச் சந்தைக்கு மிளகாய் மூட்டை கொண்டு செல்வது எளிது. திருச்சுழிச் சிற்றூரிலிருந்து அருப்புக்கோட்டை வந்து சரக்கு சேர்த்து மதுரை செல்வது, முப்பது கிலோமீட்டர் கூடுவதால், இடையில் மின்னேற்றாமல் நடவாது. தூத்துக்குடித் துறைமுகம் போய்த் திரும்பும் ஏறத்தாழ 175 கிலோமீட்டர் முற்றிலும் எல்லைக்கு அப்பால். இத்தனைக்கும் அந்தச் சாலையின் தென்கோடியில், தூத்துக்குடியில், வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்ட் 4 அன்று மின்கார்த் தொழிற்சாலையைத் திறந்திருக்கிறது. வண்டி செய்யும் இடம் வந்துவிட்டது. வண்டி தங்கும் இடங்களே இனி இந்தச் சாலையின் பயனைத் தீர்மானிக்கும்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2018 திசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுநெறி, நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு மின்னேற்ற நிலையமாவது அமைய வேண்டும் என்றும், கனரக வண்டிகளுக்கான அதிவிரைவு நிலையங்கள் 100 கிலோமீட்டருக்கு ஒன்றாவது வேண்டும் என்றும் வகுத்தது. பாரவண்டி மாடு ஒருநாளில் நடந்த தூரமும் இந்த 25 கிலோமீட்டரும் ஒத்திருப்பது தற்செயலே. ஆனால் இந்தப் பழைய வழித்தடத்துக்கு அது பொருளற்ற தற்செயல் அன்று. ஊர்கள், சந்தைகள், சாலைச்சந்திப்புகள் எல்லாம் மாட்டின் நடைக்கு ஏற்ப இடைவிட்டு அமைந்த நாடு இது என்பதால், புதிய நிலையம் தேடும் இடமும் பெரும்பாலும் அந்த ஊர்களின் வாயிலாகவே இருக்கும்.

சிக்கல் இடத்தைவிடச் செலவில் இருக்கிறது. போக்குவரத்து குறைந்த சாலையில் மின்னேற்ற நிலையம் வைப்பவருக்கு மின்மாற்றிக்கும் இணைப்புக்கும் இட்ட முதல் திரும்புவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்; நிலையம் இல்லாத சாலைக்கு மின்வண்டி வாங்க வண்டிக்காரர் துணியமாட்டார். நான்குவழிச் சாலைக்குத் தனியார் முதல் தானே வரும். அருப்புக்கோட்டை – திருச்சுழி – நரிக்குடி – கமுதி போன்ற உட்சாலைகளில்தான் இந்த முடிச்சு இறுகுகிறது. மிளகாயும் கரியும் நெல்லும் புறப்படுவது அங்கிருந்துதான். அரசின் மானியம் ஒரு வழி. அது கொடையாளியின் சத்திரத்தைப் போன்றது, கொடுக்கும்வரை எரியும். மூட்டைக்கு இவ்வளவு என்று சிறு பங்கு எடுத்து வணிகர் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ சந்தை வளாகத்திலேயே மின்னேற்றியை அமைத்துக் காப்பது மற்றொரு வழி. அதற்கு முன்மாதிரி தேடி இவ்வட்டாரத்தார் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பழைய மகமை ஒரு சமூகத்துக்குள் அடங்கியிருந்தது. புதியது எல்லாருக்கும் திறந்த நிதியாக அமைந்தால்தான் இன்றைய சாலைக்கு ஒவ்வும்.

மின்சாரத்துக்கு இங்கே பஞ்சமில்லை. திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதி அருகில், ஏறத்தாழ 2,500 ஏக்கரில் அதானி குழுமம் அமைத்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகின் மிகப் பெரியதாக அது பேசப்பட்டது. மழை பொய்த்த நிலத்தை விலைபேசி வாங்கி எழுந்த அந்நிலையத்தின் மின்சாரம் 400 கிலோவோல்ட் துணைமின்நிலையம் வழியாகத் தொலைதூரம் செல்கிறது. அதை உள்ளூர்ச் சிற்றூரின் மின்னேற்றிக்கு இறக்கித் தருவது மின்மாற்றியும் குறைந்த அழுத்தக் கம்பியும் சார்ந்த தனி வேலை. சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைப்பது காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. அந்த நேரத்தில் மின்னேற்றுவோருக்குக் கட்டணத்தைக் குறைத்து மற்ற நேரத்தில் கூட்டும் முறையை மத்திய அரசின் பிந்தைய வழிகாட்டுநெறிகள் வற்புறுத்துகின்றன. பூவண்டி விடியுமுன் கிளம்பி முற்பகலில் திரும்பிவிடுகிறது. மிளகாய் வண்டிக்கும் காய்கறி வண்டிக்கும் சந்தை நேரம் காலைதான். வெயில் உச்சியில் நிற்கும் ஐந்தாறு மணி நேரம் இந்த வண்டிகள் நிழலில் சும்மா நிற்கின்றன, விரைவு மின்னேற்றத்தில் பேட்டரியின் பெரும்பகுதியை நிரப்ப இரண்டு மணி நேரம்கூட வேண்டாம் என்று வண்டி செய்தோர் அறிவித்துள்ளனர். ஆகவே திருச்சுழி, நரிக்குடி போன்ற ஊர்களின் சந்தைத் திடலில் பகல்நேர மின்னேற்றி ஒன்று அமையுமானால், கட்டணம் குறைந்த மின்சாரமும் வேலையற்ற நேரமும் ஒரே பொழுதில் வாய்க்கும். மறுநாள் அதிகாலை மதுரைப் பயணத்துக்கு வண்டி நிரம்பியே புறப்படும்.